நெற்றியில் வைத்த வெள்ளி

ஐஸ் பெட்டியின் கண்ணாடி மறுபடியும் வேர்த்துவிட்டது. எழுந்துபோய்த் துண்டால் துடைக்கலாமா என்று சேவுகப்பெருமாளுக்கு இருந்தது. இத்தனை பேர் பார்க்க எப்படி எழுந்துபோவது என்றும் இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஒருதரம் துடைத்தாயிற்று. அப்போதே பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்கள். பெண்டாட்டி முகத்தைப் பார்க்கத் தவிக்கிறார் மனுசன் என்று நினைத்திருப்பார்கள். அவர் பார்த்தது அவள் நெற்றியில் சந்தனத்தோடு ஒட்டிக்கிடந்த வெள்ளிக்காசை. நழுவிவிட்டதா, அங்கேயேதான் இருக்கிறதா என்று பார்த்தார். அதை நினைக்க அவருக்கே கூசியது. நேற்று மத்தியானம் உலை வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போன சீனியம்மாள் குடத்தின் மேலேயே சரிந்து, தூக்குவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். உலை கொதித்துத் தீய்ந்த வாடை இன்னும் வீட்டுக்குள் இருக்கிறது. இந்த நேரத்தில் புத்தி போய் ஒரு காசைச் சுற்றுகிறதே. காலையில் குளிப்பாட்டி மஞ்சள் பூசி முடித்ததும் பக்கத்து வீட்டுக் காத்தாயி, “நெத்திக்காசு எங்கப்பா, ஒத்தை ரூவா குடுங்க” என்று பந்தலைப் பார்த்துக் கையை நீட்டினாள். ஆம்பளைகள் எல்லாரும் சட்டைப்பையைத் தடவினார்கள். எல்லார் பையிலும் போன்தான் இருந்தது. “காசை யாரு ஆத்தா இப்பக் கையில வச்சிருக்கா, டீக்கடையிலயே போனைக் காட்டிட்டுத்தான வாரோம்” என்றான் ஒருவன். “அப்ப நெத்தியில போனையா வைக்கச் சொல்ற, எடுபட்ட பயலே?” என்றாள் காத்தாயி. யாரோ சிரித்துவிட்டு, சிரித்தது தெரிந்து இருமினார்கள். அதற்குள் மகள் செல்வமீனா, திருப்பூரிலிருந்து அழுதுகொண்டே வந்து இறங்கியவள், விறுவிறுவென்று உள்ளே போனாள், பீரோவைத் திறந்தாள், நீல வெல்வெட்டுப் பெட்டியிலிருந்து அதை எடுத்துவந்து அம்மா நெற்றியில் வைத்துவிட்டாள். அவளுக்கு அது அப்பாவின் காசு. அப்பாவின் காசு இல்லை தாயே, ஊர்க் காசு என்று சொல்ல வாயெடுத்தார். செத்தவள் நெற்றியில் வைத்ததை எடு என்று எந்தப் புருசன் சொல்வான்? நெற்றிக்காசு மயானத்தில் விறகு அடுக்குகிறவருக்குச் சேரும். அதுதான் முறை. ஊர்க் காசு அவரோடு போய்விடும். ஊரில் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சொல்லாமல் பார்ப்பார்கள்.

நெடுங்கண்மாய் பறவைகள் சரணாலயமாகி ஐம்பது வருசம் ஆனதற்கு அரசாங்கம் அந்தக் காசைப் போட்டது. ஊர்ச் சனம் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை, பறவை கூட்டில் இருக்கும் மாதங்களில் கல்யாணத்துக்கு மைக்செட் கிடையாது, சாவுக்குப் பறை கிடையாது, சங்கு கிடையாது, அழுகிற பெண்கள்கூட முந்தானைக்குள்தான் அழுவார்கள் என்று மேடையில் ஒருவர் நீளமாகப் பேசினார். ஊர்த்தலைவருக்கு முழங்கால் வலி. அம்பலம் என்றுதான் அவரை எல்லாரும் கூப்பிடுவது. “நீ போய் வாங்குடா சேவுகா, நீதான் விழுந்த குஞ்சையெல்லாம் பொறுக்கிக்கிட்டுத் திரியிறவன்” என்று தள்ளிவிட்டார். படியில் ஏறும்போது செருப்பைக் கழற்றிவிட்டார் சேவுகப்பெருமாள். மேலே போனபிறகு மற்ற எல்லாரும் செருப்போடு நிற்பதைக் கண்டு, காசு வாங்கும்போதும் படம் எடுக்கும்போதும் கால்விரலை மடக்கிக்கொண்டே நின்றார். ஊருக்குக் கொண்டுவந்ததும் அது வீடு வீடாகப் போனது. ஒரு பக்கம் சிங்கமும் எழுத்தும். மறு பக்கம் கருவேல மரம், மரத்தில் கரண்டிவாயன் நாரை, கீழே அலை அலையாகக் கண்மாய்த் தண்ணீர். “கடையில செல்லுமா?” என்று கேட்டார்கள். “செல்லும், மிச்சச் சில்லறைதான் தரமாட்டான்” என்றார் அம்பலம். எல்லாரும் பார்த்து முடித்துக் கடைசியாக வீட்டுக்கு வந்தபோது சீனியம்மாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஏங்க, இதை எதுக்குக் குடுத்தாக?” என்றாள். “சத்தம் போடாம இருந்ததுக்கு.” “அப்ப எனக்குல்ல குடுக்கணும்?” என்றாள். அவர் புரியாமல் பார்த்தார். “உங்க ஊர்க்காரவுகளுக்கு வெடின்னா என்னன்னே தெரியாது. தெரியாததை விட்டதுக்கு என்ன பரிசு? நான் வெடிக்குள்ளயே பெறந்தவ. தெரிஞ்சு விட்டவ இந்த ஊருல நான் ஒருத்திதான்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவரும் சிரித்தார். பிறகு அவள் காசைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். அந்தச் சிரிப்பு எதுவரைக்கும் சிரிப்பு என்று அன்றைக்கு அவர் யோசிக்கவில்லை. இன்றைக்கு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாடையோடு தலையைச் சேர்த்து வெள்ளைத்துணியால் வாய்க்கட்டுக் கட்டிப் படுக்கவைத்திருக்கும்போது, அதை யாரிடம் கேட்பது?

காலையில் வந்து இறங்கிய மைத்துனன் மாரிக்கனியால்தான் இந்த நினைப்பெல்லாம். சிவகாசிப் பக்கத்திலிருந்து சின்ன வண்டியில் வந்தான், அக்காளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச்சேலையும் மாலையும் கொண்டுவந்தான். சேலைக்கட்டுக்கு அடியில் அட்டைப் பெட்டிகள் இருந்தன. பெட்டியை இறக்கும்போதே பந்தலில் பேச்சு நின்றது. எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அக்காள் காலடியில் விழுந்து அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். “மச்சான், எடுக்கையில வெடி போட்டுக்கிறவா?” அவர் தன் கால்விரலைப் பார்த்தார். “எங்க வீட்டுல எந்தப் பொம்பளையும் ஊமையாப் போனதில்ல மச்சான். எங்க ஆத்தா போகையில தெருக்கோடி வரைக்கும் வெடித்தாள் நெறைஞ்சு கெடந்துச்சு. இது எங்க பட்டறையில செஞ்சது. அக்காளுக்குன்னு நானே ராத்திரி திரி பின்னினேன்.” அவர் வாயைத் திறப்பதற்குள் அம்பலம் கம்பை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார். “தம்பி கேக்குறதும் நியாயந்தான். பொறந்த வீட்டு மரியாதைக்கு நான் குறுக்க நிக்கல. மரத்துல குஞ்சு இருக்கு, தெரியும். ஆனா சேவுகன் பொண்டாட்டி. அவன் வாயால போடுன்னு சொல்லட்டும், ஊரு ஒரு நாளைக்குக் காதைப் பொத்திக்கிரும்.” “காதைப் பொத்திக்கக் குஞ்சுக்குக் கையில்லையே மாமா” என்றாள் காத்தாயி, யாரையும் பார்க்காமல். மாரிக்கனி அவளை முறைத்தான். பிறகு எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். “யோசிச்சுச் சொல்லுங்க மச்சான், எடுக்கிற வரைக்கும் நேரம் இருக்கு” என்று மாரிக்கனி எழுந்துபோய்ப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். அப்போதிலிருந்து அங்கேயேதான் நிற்கிறான். டீ கொடுத்தார்கள், வாங்கவில்லை. அவன் நின்ற நிற்பு அப்படியே அவள் நிற்பு, ஒரு இடுப்பைச் சாய்த்து. அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கத்தான் அவர் கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தால் காசு.

போடு என்றால் ஒரு வார்த்தை. வேண்டாம் என்றாலும் ஒரு வார்த்தைதான். தலைதீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போனபோதும் இப்படித்தான் வாய் அடைத்துப் போயிற்று. விடியக்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுவேட்டி கட்டி, வாசலுக்கு வந்தவர் முதல் வெடிக்கே உள்ளே ஓடிவிட்டார். சத்தம் என்றால் அது காதோடு நிற்கவில்லை, பல்லுக்குள் போயிற்று, அடிவயிற்றைப் பிடித்து உலுக்கியது. அடுக்களையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் காதில் விரலை வைத்து உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையைக் காணோம் என்று தேடி வந்தவள் சீனியம்மாள்தான். காதிலிருந்து அவர் விரலைப் பிடித்து இழுத்தாள். பொண்ணு பார்க்கப் போன அன்றைக்கும் அந்த விரல்களைத்தான் அவர் முதலில் பார்த்தார்; நகக்கண்ணில் வெள்ளியாக ஏதோ மினுங்கியது, மருதாணிக்குப் பதில் இப்படி ஒரு பூச்சு போலிருக்கிறது என்று நினைத்தார். வெடி மருந்தில் கலக்கிற அலுமினியப் பொடி, கழுவினாலும் போகாது என்று பிறகு சொன்னாள். அந்த விரலால் அவரை வாசலுக்கு இழுத்துவந்து, “இங்கயே நில்லுங்க, ஒண்ணும் ஆகாது” என்று சொல்லிவிட்டு, சரத்தைக் கையில் பிடித்துத் திரியில் தீயை வைத்தாள். தூக்கிப் போட்டாள். புகைக்குள் அவள் நின்றாள். அப்படி ஒரு முகத்தை அவர் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. கல்யாணத்தன்று இல்லை, செல்வமீனா பிறந்தன்று இல்லை. அதற்குப் பிறகு பார்த்ததில்லை என்கிறோமே, பார்க்க விட்டோமா? அடுத்த வருசம் தீபாவளிக்குப் போவோமா என்று கேட்டாள். பறவை இறங்குகிற நேரம், கண்மாய்க் காவல் முறை நமக்கு வருது என்றார். அதற்கடுத்த வருசமும் ஏதோ ஒன்று. பிறகு கேட்கவில்லை. தீபாவளியன்று அடுப்பில் எண்ணெயைக் காயவைத்துக் கடுகைப் போட்டு, அது வெடிக்கும்போது, “என் தீவாளி வந்துருச்சு” என்பாள். செல்வமீனா விழுந்து விழுந்து சிரிப்பாள். வருசா வருசம் அதே கேலி, அதே சிரிப்பு. கேலியா அது? கேலியாகவே இருக்கட்டும். கடவுளே, கேலியாகவே இருக்கட்டும்.

பெட்டியின் மோட்டார் ஒருதரம் நின்று, திணறி, மறுபடி ஓடியது. அவள்தான் மூச்சு விட்டாளோ என்று ஒரு நொடி நினைத்துவிட்டார். திருப்பத்தூர் போகும் பஸ்ஸில் ஒருதரம் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் இவர். வழியில் ஏதோ ஊரில் ஒரு சாவு ஊர்வலம் ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. கொட்டு, ஆட்டம், ரோட்டின் நடுவில் வெடி, பூ, புகை. டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிட்டுத் திட்டினான். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். “செத்தா இப்படிப் போகணும்” என்றாள். அவர் காதில் அது நன்றாகவே விழுந்தது. அதை அவள் எந்த முகத்தோடு சொன்னாள் என்றுதான் தெரியவில்லை. முகம் வெளியே இருந்தது. அந்தப் பின்கழுத்துதான் ஞாபகம் இருக்கிறது, வேர்வையில் ஒட்டிய முடி. பிறகு உட்கார்ந்து மடியிலிருந்த வெள்ளரிக்காயை ஒடித்து அவருக்குப் பாதி கொடுத்தாள். ஆசையாகச் சொன்னவள் உடனே வெள்ளரிக்காய் தின்பாளா? தின்பாள். அவள் தின்பாள். சரி, அப்படியென்றால் போடு என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று எழப்போனார். எழும்போதே கண்மாயில் நாரைகள் அலகைத் தட்டுகிற சத்தம் கேட்டது, டக்டக்கென்று, தறி ஓடுகிறாற்போல. காலையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். உட்கார்ந்துவிட்டார்.

ஏனென்றால் வேறொரு சீனியம்மாளும் இருந்தாள். ஒரு தை மாதம் வெளியூர்க் கல்யாண வேன் ஒன்று வழி தெரியாமல் கரையில் வந்து நின்று, இளவட்டங்கள் இறங்கி ஒரு சரத்தைக் கொளுத்திவிட்டார்கள். மரத்திலிருந்த அத்தனையும் ஒரே வீச்சில் எழும்பிவிட்டன. வானம் தெரியவில்லை. தாய் எழும்பிய கூட்டில் குஞ்சு எழும்ப முடியாதே. இறகு முளைக்காதது விளிம்புக்கு வந்து, தவறி, தண்ணீரில் பொத் பொத்தென்று. காக்காயும் பருந்தும் எங்கிருந்துதான் வந்தனவோ, ஆளுக்கொரு முட்டையைக் கவ்விக்கொண்டு. சேவுகப்பெருமாள் வேட்டியைத் தூக்கிக் கட்டுவதற்குள் சீனியம்மாள் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். மடியை விரித்து அள்ளினாள். செத்ததையும் அள்ளினாள், துடிக்கிறதையும் அள்ளினாள். கரையேறி நேராக வேனுக்குப் போய், மடியோடு அந்தப் பையன்கள் முன்னால் நின்றாள். “எங்க அப்பன் செஞ்ச வெடிடா இது. இதை எங்க வைக்கணும் எங்க வைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமாடா, வெளங்காத பயலுகளா?” என்றாள். ஊரே அன்றைக்கு அவளை ஊர்க்காரி என்று சொன்னது. சாயங்காலம் குளித்துவிட்டு வந்து, ஈரத் தலையோடு, கரையில் சிதறிக்கிடந்த சிவப்புத் தாள்களைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அள்ளிக் குப்பையில் போடும் முன்னால் ஒரு பிடித் தாளை மூக்குக்கிட்டே கொண்டுபோனாள். அவர் தூரத்தில் நின்று பார்த்தார். பார்த்தேன் என்று அவளிடம் சொன்னதில்லை. குஞ்சை அள்ளியவள் பெண்டாட்டியா, தாளை முகர்ந்தவள் பெண்டாட்டியா? இரண்டு பேரையும் ஒரே பாடையில் வைத்து எப்படித் தூக்குவது? போடு என்றால் நாளைக்குக் காலையில் தண்ணீரில் மிதப்பதைத் தான்தான் பொறுக்கவேண்டும், பக்கத்தில் மடி விரிக்க ஆளில்லை. வேண்டாம் என்றால் அவள் வந்த வீட்டுச் சத்தம் ஒரு துளி இல்லாமல் போவாள், இந்த ஊரிலேயே பிறந்து செத்தவள் மாதிரி, எங்கிருந்தும் வராதவள் மாதிரி.

வெயில் பந்தலின் கால்வரைக்கும் வந்துவிட்டது. எடுக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். பெட்டியைத் திறந்தார்கள். குளிர் புகையாக வெளியே வந்து கலைந்தது. கண்ணாடி இல்லாமல் பார்க்கும்போது அவள் சின்னவளாக இருந்தாள், காசு பெரிதாக இருந்தது. சந்தனம் காய்ந்து வெடித்து, காசு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. செல்வமீனா அவரிடம் வந்து குனிந்தாள். அழுது அழுது குரல் கட்டிவிட்டது. “அப்பா, அது ஊர்க் காசாமே, காத்தாயி அத்தை இப்பத்தான் சொன்னாக. எனக்குத் தெரியாதுப்பா. டீக்கடையில ஒத்த ரூவா கெடைச்சிருச்சு. மாத்தி வச்சுரவா?” எல்லாரும் பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தது. அம்பலம் கம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இருக்கட்டும்” என்றார் சேவுகப்பெருமாள். காலையிலிருந்து அவர் உரக்கச் சொன்ன முதல் வார்த்தை அது. “அவளுக்கு உள்ளதுதான்.” அம்பலம் தலையை ஆட்டினார். “ஆமா, இருக்கட்டும்டா. ஊருல யாரு கேக்கப்போறா.” ஒரு பாரம் இறங்கியதுபோல ஒரு மூச்சு வந்தது. அந்த மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் அடுத்தது வந்து குத்தியது. சத்தம் போடாமல் இருந்ததற்குத்தானே இந்தக் காசு? கொடுத்தாயிற்று. கொடுத்து, வாயையும் கட்டியாயிற்று. இனிமேல் போடு என்று எப்படிச் சொல்வது? காசைக் கொடுத்து வாயை அடைத்ததாக ஆகிவிட்டதே. அப்படி நினைத்துக் கொடுக்கவில்லை. நினைக்காமல்தானே எல்லாம் செய்தோம், காவல் முறை வருது என்றதும் நினைக்காமல்தானே.

ஆண்பிள்ளை இல்லாததால் கொள்ளிச்சட்டியை அவரே எடுக்கவேண்டியிருந்தது. ஈரவேட்டியோடு நின்றவர் கையில் உறியைக் கொடுத்தார்கள். சட்டிக்குள் எருவாட்டி புகைந்தது. பாடையைத் தூக்கும் முன்னால் மாரிக்கனி எதிரே வந்து நின்றான். ஒரு கையில் சரம் சுற்றிக் கிடந்தது. மறு கை அவர் முழங்கையைத் தொட்டது. “மச்சான்.” மைத்துனன் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தார். அதே மூக்கு. “வேணாம் மாப்ள” என்றார். “குஞ்சு இருக்கு.” கோபப்படுவான் என்று எதிர்பார்த்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “உங்க ஊரு மச்சான். நீங்க சொன்னாச் சரி” என்றான். சரத்தைப் பெட்டிக்குள் மடித்து வைத்தான், துணி மடிப்பதுபோல. பிறகு நிமிராமல், “எங்க அக்கா அவ” என்றான்.

தூக்கினார்கள். பெண்கள் தெருமுனைவரைக்கும் வந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, குலவையும் இல்லாமல் ஒப்பாரியும் இல்லாமல் நின்றுவிட்டார்கள். கால் மண்ணில் உரசுகிற சத்தம், பாடை மூங்கில் கிறீச்சிடுகிற சத்தம். மயானம் கரையின் வடகோடியில். கரையேறியதும் காற்றடித்து, சட்டிப்புகை அவர் கண்ணுக்குள் போயிற்று. வலப்பக்கம் முழுக்க மரங்கள், மரம் முழுக்க வெள்ளையும் கறுப்புமாகப் பறவைகள், ஒவ்வொரு கூட்டிலும் கழுத்தை நீட்டி வாயைப் பிளந்துகொண்டு குஞ்சுகள். பசிக்கிறது என்று அதுகள் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தன. என்ன சத்தம். இவ்வளவு சத்தமா? ஊரே வாயைப் பொத்திக்கொண்டு நடக்க, அதுகள் மட்டும் இப்படிக் கத்துமா? பின்னால் அவளைத் தூக்கி வருகிறார்கள். திரும்பிப் பார்க்கக் கூடாது, கொள்ளி எடுத்தவன் திரும்பக் கூடாது. அவள் வருகிறாளா என்றுகூடத் தெரியவில்லை, அத்தனை மெதுவாக வருகிறார்கள். ஏய் என்றும் இந்தா என்றும் கூப்பிட்டே காலம் போய்விட்டது. அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பியது. இருமல் என்று நினைத்தார். வாயைத் திறந்தார்.

“சீனியம்மா!”

அது தன் குரல் என்று அவருக்குத் தெரியவில்லை. பக்கத்து மரம் எழும்பியது, அதற்கடுத்த மரம் எழும்பியது, கரையோரம் முழுக்கச் சிறகடித்து எழும்பிக் கண்மாயின் மேல் நிழல் ஓடியது. தண்ணீரில் ஏதோ விழுந்தது. பாடை நின்றது. அம்பலம் கம்பை ஊன்றியபடி அப்படியே நின்றார். பின்னாலிருந்து ஓடிவந்து தோளைப் பிடித்தவன் மாரிக்கனி. “மச்சான், மச்சான், மெதுவா” என்றான், அவன் குரலே உடைந்துபோய். “குஞ்சு மச்சான்.”

தெரியும் என்று தலையை ஆட்டினார் சேவுகப்பெருமாள். தெரியும். நாளைக்குப் பொறுக்கவேண்டும், அதுவும் தெரியும். சட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு, மூச்சை உள்ளே இழுத்து, இன்னும் உரக்க அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.